எதிர்பாராத கிழமை

வெள்ளிக்கிழமையைத்தான் முதலில் அடித்தான்.

கரும்பலகையில் திங்கள் முதல் வெள்ளி வரை வரிசையாக எழுதியிருந்தது. ஒரு விடுதிக் காப்பாளர், அடுத்த வாரம் ஏதோ ஒரு நாள் அறைகளைச் சோதனை போடுவேன், நீங்கள் எதிர்பார்க்காத நாளில்தான் வருவேன் என்று மிரட்டுகிறார். வியாழன் வரை ஆள் வராவிட்டால் மிச்சம் வெள்ளி மட்டும்தான். அப்போது எல்லோரும் எதிர்பார்த்துவிடுவார்கள். ஆகவே வெள்ளி கிடையாது. வெள்ளி போனால் வியாழன்தான் கடைசி நாள். அதே நியாயப்படி அதுவும் கிடையாது.

இப்படியே புதன், செவ்வாய், திங்கள் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போனான். எதிர்பாராத சோதனை என்று ஒன்று நடக்கவே முடியாது.

விடுதி அறையில் கரண்ட் அடுப்பை ஒளித்து வைத்திருந்தவர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

வாரம் ஒருவர் நம்ப முடியாத கணக்கு ஒன்றைச் சொல்வது பல்கலைக்கழகக் கணித மன்றத்தின் வழக்கம். இந்த வாரம் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் இவன் தலையில் விழுந்தது. இவன் தலையில் இந்தக் கணக்கைத் தவிர வேறொன்றும் இல்லை.

காரணம், விடுதிக் காப்பாளர் அல்ல.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் நிறுத்தத்தில் ஒருத்தியிடம், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டிருந்தான். வெள்ளிக்குள் பதில் சொல்வதாகவும், ஆனால் அவன் எதிர்பார்க்காத நாளில்தான் சொல்வதாகவும் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வேறு எவனாக இருந்தாலும் தினம் ஒரு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பான். இவன் கணக்குப் போட்டான். பதிலே வராது என்று ஐயம் திரிபற நிரூபித்து, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு அவள் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எதிர்பார்ப்பது முகத்தில் தெரிந்துவிட்டால் அந்த நாளும் போய்விடுமே என்று பயம்.

அவள் இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மன்றத்தில் அவளுக்கு ஆடிட்டர் என்று பெயர். யார் பேசி முடித்தாலும் எழுந்து ஒரு தவறைக் காட்டாமல் விடமாட்டாள். போன மாதம் வெளியூரிலிருந்து வந்த பெரிய பேராசிரியருக்கே வியர்த்துவிட்டது.

மற்றவர்கள் எல்லாம் அவள் எழுந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு பேசுவார்கள். இவன் ஒருவன்தான் எழுந்திருக்க வேண்டுமே என்று தவித்தான். நிரூபணத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அவன் கண்ணுக்கு அது அகப்படவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டால் அவன் பிழைத்தான். ஆமாமோ இல்லையோ, பதில் என்று ஒன்று வர வழி பிறக்கும்.

கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, எங்காவது தவறு உண்டா என்று கேட்டான்.

அவள் எழுந்தாள். அடித்திருந்த கிழமைகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"சரி."

ஆடிட்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அங்கே யாரும் கேட்டதில்லை. அடுத்த நொடி ஒரே கைதட்டல். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவனுக்கோ அழுகை முட்டியது. அவளே முத்திரை குத்திவிட்டாள், இனி யாரிடம் போய் முறையிடுவது? இன்னும் ஒரு தடவை நிதானமாகப் பார்க்கும்படி ஏறக்குறையக் கெஞ்சினான்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் நிரூபணத்தைப் பத்திச் சொல்லலை."

அது உள்ளே இறங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும், இன்னும் கையைக் குலுக்கிக்கொண்டிருந்த பேராசிரியரிடம், தன் நிரூபணம் முழுக்கத் தப்பு என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்.

எந்த வரியில் தப்பு என்று அவர் கேட்டார்.

இன்றைக்குப் புதன்கிழமை என்பதைத் தவிர அவனிடம் வேறு பதில் இல்லை.