டிக்கிக்குள் இரண்டு தட்டு

மழை பெய்தால் அப்பாவின் பழைய காரில் டிக்கிக்குள் தண்ணீர் நிற்கும். அவர் இருந்தவரை டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்வார். நான் மூடிவிட்டு வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் அடிப்பேன். ஒழுகும் இடம் தெரிந்ததும் இரண்டு தட்டு தட்டுவார்.

இன்று மெக்கானிக் காலி டிக்கியில் பவுடர் தூவி மூடிவிட்டுத் தண்ணீர் அடித்தார். பின்விளக்கருகே குழாய் போனதும் உள்ளே இரண்டு தட்டு கேட்டது.

"உள்ள யாரும்மா?"

"திறந்து பாருங்கண்ணே."

யாரும் இல்லை. விளக்கின் ரப்பருக்குக் கீழே பவுடரில் ஈரக்கோடு இறங்கியிருந்தது. ரப்பரை மாற்றி, புதிதாகப் பவுடர் தூவி, மறுபடி அடித்தார். சத்தமே இல்லை. திறந்தோம். பவுடர் நனையவில்லை.

"சரியாயிடுச்சும்மா," என்று மூடப் போனார்.

"கொஞ்சம் இருங்கண்ணே. அப்பாவுக்கு முட்டிவலி, இறங்க நேரமாகும்."

சற்று நேரத்தில் வண்டியின் பின்பக்கம், பாரம் இறங்கியதுபோல், இரண்டு விரல் அளவு உயர்ந்தது.