நாத்தனாருக்குப் புரியாத நடுக்கோடு

"இந்தக் கோடுதானே நடுக்கோடு?"

நாத்தனார் ஸுலைகாவின் விரல் எக்ஸ் அச்சின்மேல் இருந்தது. வஸீலா பென்சிலை மேசையில் போட்டுவிட்டாள். போன சனிக்கிழமையும் இதே கேள்வி. அதற்கு முந்தைய வாரமும் இதேதான்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இறுதிப் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறுவதற்காக, பிஸ்க்ரா நகரின் பழைய உயர்நிலைப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. ஆசிரியை ஹயாத் பலகையில் ஒரு கொசைன் வரைபடத்தை வரைந்துவிட்டு, நடுக்கோடு, வீச்சு, வெட்டுப்புள்ளிகள் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். வஸீலாவுக்கு இன்னும் பாதி மீதியிருந்தது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி முடியும்?

"அண்ணி, அது எக்ஸ் அச்சு. நடுக்கோட்டை நாமதான் கண்டுபிடிக்கணும். உச்சி எங்க இருக்கு?"

"அஞ்சுல."

"பள்ளம் மைனஸ் ஒண்ணுல. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குங்க."

ஸுலைகா விரல் விட்டு எண்ணினாள். "ரெண்டு."

"அந்த ரெண்டுலதான் நடுக்கோடு. அங்கேருந்து உச்சிவரைக்கும் மூணு. அதுதான் வீச்சு."

"அப்ப வளைவு நடுக்கோட்டை வெட்டற இடந்தான் எக்ஸ் வெட்டுப்புள்ளி."

"இல்ல அண்ணி. எக்ஸ் அச்சை வெட்டினாத்தான் எக்ஸ் வெட்டுப்புள்ளி. நடுக்கோட்டை வெட்டற இடம் வேற. ஒய் அச்சை வெட்டற இடம் இது, உச்சியிலேயே இருக்கு, அஞ்சு. இதை எத்தனை தடவை சொல்றது?"

"மண்டையில நிக்க மாட்டேங்குது" என்று ஸுலைகா சிரித்தாள். வஸீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் இருவரும் சேர்ந்துதான் பரீட்சை எழுதினார்கள். கணக்கு வஸீலாவைக் கவிழ்த்துவிட்டது. முடிவு வந்த அன்று அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதபோது, ஸுலைகா போனைப் பார்த்துவிட்டு, "எனக்கும் போச்சு" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு மாவு பிசையப் போய்விட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

விவாகரத்தாகித் தம்பி வீட்டோடு வந்துவிட்டவளுக்குப் படிப்பு ஒரு பொழுதுபோக்கு என்று வஸீலா நினைத்துக்கொண்டாள். தனக்கு அப்படி இல்லை. தேறினால் நர்ஸ் பயிற்சியில் சேரலாம். கணவன் லக்தர் இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டான். அதுவும், அக்காவும் போகிறாள் என்பதால்.

தெருவில் பெண்கள் ஜாடையாகப் பேசினார்கள். லக்தர் பெண்டாட்டியைப் படிக்க அனுப்பவில்லை, காவல் போட்டுத்தான் அனுப்புகிறான் என்று. அது வஸீலாவின் காதிலும் விழுந்தது. வகுப்பில் பக்கத்து வரிசை ஆண் யாராவது ரப்பர் கேட்டால்கூட, அவள் முதலில் நாத்தனார் முகத்தைத்தான் பார்ப்பாள்.

வகுப்பு முடிந்ததும், வாசலில் காத்திருக்கும்படி ஸுலைகாவிடம் சொல்லிவிட்டு, வஸீலா ஆசிரியையிடம் போனாள்.

மனதில் இருந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். நாத்தனாரை வேறு பெஞ்சில், முடிந்தால் வேறு பிரிவிலேயே உட்கார வையுங்கள் என்றாள். சொன்னதையே சொல்லிச் சொல்லித் தன் நேரமெல்லாம் போகிறது என்றாள். இந்த வருஷமும் தவறிவிட்டால் அதற்கு அவள்தான் காரணம் என்றும் சொன்னாள்.

ஹயாத் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"போன வருஷம் நீ எந்தக் கேள்வியில தப்பு விட்ட?"

வஸீலா யோசித்தாள். "இதே மாதிரி கொசைன் படம். நடுக்கோட்டை வெட்டற இடத்தை எக்ஸ் வெட்டுப்புள்ளின்னு எழுதிட்டேன்."

"இப்ப எழுதுவியா?"

"இப்ப எப்படி எழுதுவேன்? வாராவாரம் அண்ணிக்கு அதைத்தானே..."

வஸீலா திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள்.

ஹயாத் துடைப்பானைக் கீழே வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா நீ இப்படிப் பேசினப்புறம் என்னால வாயை மூடிட்டிருக்க முடியல. ஸுலைகா போன வருஷமே பாஸ். கணக்குல நல்ல மார்க். நகராட்சி மழலையர் பள்ளியில அவளுக்கு ஒரு வேலைகூடப் பேசி வெச்சேன். ஒரு வருஷம் போகட்டும்னுட்டா."

வஸீலா வெளியே வந்தபோது, ஸுலைகா வாசல் சுவரின் ஒட்டு நிழலில் இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? திட்டினாங்களா?"

"நீங்க பாஸாமே."

ஸுலைகா உள்ளே ஆசிரியை இருந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"மெதுவாப் பேசு."

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க அண்ணி? வேலையைக்கூட விட்டுட்டு..."

ஸுலைகா அவள் பையை எடுத்து அவள் தோளிலேயே மாட்டிவிட்டாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா படிப்பை முடிச்சுட்டான்னு தெரிஞ்சா, என் தம்பி உன்னைத் தனியா இந்த வாசலுக்கு அனுப்புவானா? நீ முதல்ல பாஸாகு. அப்புறம் நானும் பாஸாயிடறேன்."