குசினிக்கு வெளியே ஒரு கோப்பி மெஷின்

“உதைக் குசினிக்கு வெளியாலை வைக்கலாமோ, பிள்ளை?”

சிவசுப்பிரமணியம் இதை முன்பும் ஒருமுறை கேட்டுவிட்டார். கடையில் நின்ற லவீனா பொறுமையாகச் சொன்னாள்.

“பிளக் இருந்தால் எங்கையும் வைக்கலாம் ஐயா. ஹோலிலையும் வைக்கலாம்.”

“அடுப்பு, சட்டிபானை எண்டு குசினிச் சாமான் ஒண்டும் தேவைப்படாதே?”

“ஒண்டும் வேண்டாம். தண்ணி இதுக்குள்ளை. கோப்பித்தூள் இந்தச் சின்னப் பொட்டுக்குள்ளை, மூடி ஒட்டித்தான் வரும். ஆளுக்கு ஒரு பொட். பால்மா போட்டது வேறை இருக்கு. உள்ளுக்கை வைச்சு அமத்தினால் சரி.”

“ஒருத்தற்றை கையும் படாது?”

“படாது ஐயா.”

அவர் ஒரு பொட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில் ஏசி ஓடியது. இருந்தும் அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

“நான் அமத்தினாலும் சரியா வருமோ?”

“ஆர் அமத்தினாலும் ஒரே கோப்பிதான். அமத்திப் பாருங்கோவன்.”

அமத்தினார். மெஷின் உறுமியதும் கையை இழுத்துக்கொண்டார். கோப்பி வந்து விழுந்தது. குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பேர்சை வெளியே எடுத்தார். திரும்பவும் பொக்கற்றுக்குள் வைத்தார்.

“நாளைக்குப் பின்னேரம் கரண்ட் நிண்டால்?”

“கரண்ட் நிண்டால் கோப்பி இல்லை. ஐயாவுக்கு யோசனையெண்டால் ஒரு கேத்தில் காட்டட்டே? விலையும் குறைவு. காஸ் அடுப்பிலை வைக்கிற கேத்திலும் இருக்கு. வீட்டிலை தேத்தண்ணி ஊத்தலாம்.”

“தேத்தண்ணி வேண்டாம்,” என்றார் அவசரமாக.

போன் அடித்தது. கனடாவிலிருந்து மகன் சிவதர்ஷன். சிவசுப்பிரமணியத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்.

“எங்கையப்பா நிக்கிறியள்?”

“ரவுணிலை. ஒரு கோப்பி மெஷின் பாக்கிறன். நாளைக்கு அவை வருகினமெல்லே.”

“மெஷினோ? எங்கடை வீட்டிலை ஆர் கோப்பி குடிக்கிறது? நானே இஞ்சை ஒண்டு வாங்கி, பொட் வாங்கிக் கட்டாதெண்டு மூலையிலை போட்டிருக்கிறன். நான் கட்டப்போற ஜெசிதாவின்ரை தாய் தேப்பன் குருநகரிலையிருந்து வருகினம், லண்டனிலையிருந்து இல்லை.”

குருநகர் என்றதும் லவீனா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அந்தக் கடற்கரை மீனவர் ஊர்தான்.

“அம்மா போடுற தேத்தண்ணிக்கு என்ன குறை?” என்றான் மகன்.

அவர் மெஷினுக்குள் எட்டிப் பார்த்தார்.

“சொல்லுங்கோவன்.”

“இது சுகம் தம்பி. ஹோலிலையே வைச்சுக் குடுக்கலாம். குசினிப் பக்கம் ஒருத்தரும் போகத் தேவையில்லை.”



“இப்ப விளங்குது,” என்றான் சிவதர்ஷன். “அவை உங்கடை குசினிப் பக்கம் வந்திடுவினம் எண்டு பயம். கலியாணத்துக்கு ஓம் எண்டது வாயாலை மட்டும்தான் என்ன?”

“அப்பிடி இல்லையடா.”

“பின்னை எப்பிடி? அம்மாவைப் பாருங்கோ. நேற்றும் கதைச்சவ. ‘உன்ரை விருப்பம்தான் ராசா என்ரை விருப்பம், நீ ஒண்டுக்கும் யோசியாதை’ எண்டு சொன்னவ. படிச்ச நீங்கள்தான் இப்பிடி.”

சிவசுப்பிரமணியம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“ஜெசிதாவின்ரை தேப்பன் என்ன சொன்னவர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? தங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி தராத வீட்டுக்குப் பெட்டையைத் தரமாட்டாராம்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டுதான் மெஷின் பாக்கிறியள். சரி, வாங்குங்கோ. கை படாமல் குடுத்து அனுப்புங்கோ. பிறகு என்னோடை கதையாதேங்கோ.”

“என்னிலைதான் பிழை தம்பி. நீ அம்மாவோடை உதுகள் ஒண்டும் கதைச்சுப்போடாதை. கேக்குதே?”

கேட்கவில்லை. மகன் ஏற்கெனவே போனை வைத்துவிட்டான்.

லவீனா, அவர் குடித்து வைத்த கோப்பையை எடுத்து அப்பால் வைத்தாள். அவளுடைய குரல் மாறியிருந்தது.

“ஐயாவுக்குக் கடுதாசிக் கப்பும் வேணுமே? வாறவை குடிச்சால் அப்பிடியே எறியலாம். வீட்டிலை கழுவத் தேவையில்லை.”

“வேண்டாம் பிள்ளை. எங்கடை கலியாணத்துக்கு வந்த வெள்ளிப் பேணி இருக்கு. சாம்பல் போட்டு மினுக்கி வைச்சிட்டன்.”

அவளுக்கு விளங்கவில்லை.

“நீங்களோ மினுக்கினது?”

“ஓம்.”

“வெள்ளிப் பேணியிலை குடுக்கிற ஆள், அதுக்குள்ளை தேத்தண்ணியை ஊத்திக் குடுக்கிறதுதானே? என்னத்துக்கு இந்த மெஷின்?”

சிவசுப்பிரமணியம் போனை ஒருமுறை பார்த்தார், நன்றாக நின்றுவிட்டதா என்று. பிறகு சொன்னார்.

“அவை வந்தால் அடுப்பு மூட்டமாட்டன் எண்டு என்ரை மனுசி கோயிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு வந்து நிக்கிறாள், பிள்ளை. காலமை அவள் கிணத்தடிக்குப் போன நேரம் பாத்து நானே ஒருக்காத் தேத்தண்ணி போட்டுப் பாத்தன். மனுசர் குடிக்க ஏலாது.”