ஆடி வெள்ளி

படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

வாக்கர் நன்றாகத்தான் இருந்தது. நீலக் குழாய், முன்னால் இரண்டு சக்கரம், கைப்பிடியில் சுற்றிய பருத்தித் துணி. மகள் பூரணியின் உயரத்துக்குச் சரியாக இருக்கும்.

அவள் பார்த்தது வாக்கரை அல்ல. அதற்கு மேலே சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியை.

ஆடிக் கடைசி வெள்ளி என்று சிவப்பில் அச்சாகியிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை.

இன்றைய தேதி தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள் என்று, அந்தப் பழைய வாக்கரை விற்கிறவளிடம் அவள்தான் கேட்டிருந்தாள். கூட வேலை செய்யும் பெண் சொல்லிக்கொடுத்த சோதனை. ஏமாற்றுகிறவனிடம் பொருள் இருக்காது, பழைய படம்தான் இருக்கும்.

ஒருமுறை பட்டாயிற்று. இதே போல் போனில் ஒரு வாக்கரைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவனுக்கு முன்பணம் போட்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அவசரம் என்றான். மறுநாள் அவன் எண்ணே இல்லாமல் போயிற்று. வண்டி எப்பம்மா வரும் என்று பூரணி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் வலித்தது.

பிள்ளையின் காலில் இப்போதுதான் பிடிமானம் வந்திருக்கிறது, இந்த நேரத்தில் நிற்கப் பழக்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதிதாக வாங்க அவள் சம்பளம் இடம் கொடுக்காது.

தட்டினாள். "இது ஆடி மாசத்துப் படம். ஏனுங்க இப்படி ஏமாத்தறீங்க?"

பதில் உடனே வந்தது. "அய்யோ அக்கா, இப்பதான் எடுத்தேன். தாள் கிழிக்கது எங்க பையன் வேலை. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து ஒருத்தரும் கிழிக்கல. நானும் கவனிக்கல."

மறுபடியும் ஆஸ்பத்திரி.

சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல. இவர்களுக்கெல்லாம் வேறு கதையே கிடைக்காதா?

"அப்ப இப்பவே கிழிச்சுட்டு இன்னொரு படம் அனுப்புங்க."

படித்துவிட்டாள் என்று திரை காட்டியது. பதில் இல்லை.

குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தாள். வந்து பார்த்தாள். பதில் இல்லை.

தாள் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும்.

அவ்வளவுதான், இவளும் கம்பி நீட்டிவிட்டாள். எண்ணை அழிக்கப் போனாள்.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. முப்பிடாதி, தென்காசி. விற்கிறவள்தான்.

எடுத்தாள். திரையில் ஒரு பெண்ணின் கன்னம் தெரிந்தது. பிறகு சுவர். பிறகு ஒரு பையன்.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. நான் கிழிக்கப் போனா விடமாட்டேங்கான். அவனே நடந்து வந்துதான் கிழிப்பானாம். இப்ப அவனுக்கு வாக்கர் வேண்டாம்லா."

பையன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். எழுந்தான். கையில் எதையும் பிடிக்கவில்லை.

ஒரு காலை வைத்தான்.

நின்றான். யோசித்தான்.

அடுத்த காலை வைத்தான்.

பூரணி தரையில் தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டாள். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாடை வந்தது. இருவரும் திரும்பவில்லை.

அவன் சுவரைத் தொடுவதற்குள் ஒரு பஸ் ஊரைத் தாண்டியிருக்கும். தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு ஒரு தாளைக் கிழித்தான். அடுத்து ஒன்று. மொத்தமாக இழுக்கிற எண்ணமே அவனுக்கு இல்லை. ஆடி உதிர்ந்தது. ஆவணி உதிர்ந்தது. புரட்டாசியில் களைத்துப்போய், இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தான். முன்பல் இரண்டும் இல்லை.

அவள் போனை முகத்தருகே கொண்டுபோனாள்.

"போதும் சாமி, போய் உக்காந்துக்க."

அவன் கேட்கவில்லை. இன்றைய தேதி வரும்வரை கிழித்தான்.

அழைப்பு முடிந்ததும் பணத்தை அனுப்பினாள். முழுப் பணம்.

சிரிப்போடு ஒரு குரல் செய்தி வந்தது. "எக்கா, நீங்க வாக்கரைப் பாக்கவே இல்லையே?"

உண்மைதான். பார்க்கவில்லை.

"நம்ம வீட்ல யாரும்மா கிழிக்கறது?" என்றாள் பூரணி.

எழுந்தாள். தன் வீட்டு நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றினாள். சுத்தியலைத் தேடி எடுத்தாள். மகளைக் கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டு, ஆணியைக் கீழே இறக்கி அடித்தாள்.

உட்கார்ந்து கை நீட்டினால் எட்டாது. நின்றால் எட்டும்.