காது இல்லாத பொம்பளை

"உங்க பொண்ணு மனசுல உள்ளதெல்லாம் இந்தக் காமிக்ஸ்ல கொட்டியிருக்கா, எமில்டா!"

ஓவிய சிகிச்சை அளிக்கச் சென்னையிலிருந்து தூத்துக்குடி பள்ளிக்கு வந்திருந்த ஆலோசகர் சுகந்தி, மூன்றாம் வகுப்பு பிளாரன்ஸ் வரைந்த தாளை நீட்டினார்.

"மேடம், அது..."

"நான் முடிச்சிடுறேன். முதல் கட்டத்துல ஒரு பொம்பளை. பெரிய வாய், காதே இல்ல. குழந்தை வாயைத் திறந்தா கத்துறா. அது நீங்கதான்!"

"நான் இல்ல மேட..."

"குறுக்கே பேசாதீங்க. கடைசிக் கட்டத்துல குழந்தை கடலுக்கடியில கிடந்து சிரிக்குது. சாகணும்னு தோணுது அவளுக்கு!"

"பக்கத்துல இருக்கது அவ அப்பா, மேடம். சங்கு குளிக்கப் போறவுக. கடலுக்குள்ள போயிட்டா மேல யாரு கத்துனாலும் கேக்காதுன்னு அவகிட்ட சொல்லியிருக்காவ."

சுகந்தி படத்தைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ இந்தப் பொம்பளை யாரு?"

எமில்டா தயங்கினாள்.

"கழுத்துல அட்டை தொங்குது பாருங்க மேடம். எங்க வீட்டுல யாரும் அட்டை போடுததில்ல."

சுகந்தியின் கை தன் கழுத்திலிருந்த அடையாள அட்டைக்குப் போனது.

எமில்டா போனதும் அறிக்கையில் எழுதினார்: 'பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் தாய்க்கு இல்லை.'