பழைய மனசு

அந்தத் தேர்தலில் யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒவ்வொருவரின் பேச்சையும் பழக்கத்தையும் வருடக்கணக்காகக் கவனித்து வந்த இயந்திரமே அவரவர் சார்பில் வாக்களித்தது. வாக்களித்த விவரம் கைபேசிக்கு வந்துவிடும்.

செண்பகவல்லிக்கு இரண்டு விவரங்கள் வந்தன. ஒன்று அவளுடையது. மற்றது, குடிதண்ணீர் கேட்டுப் போன ஊர்வலத்தில் போலீஸ் சுட்டு இறந்துபோன அவள் கணவன் மாசிலாமணியுடையது. இரண்டு வாக்குகளும் ஆளுங்கட்சிக்கே விழுந்திருந்தன.

மறுநாள் காலையிலேயே தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள்.

"செத்துப்போனவர் எப்படி மேடம் ஓட்டுப் போடுவார்? அதுவும் சுடச் சொன்னவங்களுக்கே!"

பெண் அதிகாரி திரையைப் பார்த்தாள். "விசாரணை இன்னும் முடியலைங்க. இறப்புச் சான்றிதழ் வர்ற வரைக்கும் அவர் உயிரோட இருக்கார்னுதான் பதிவு. இருபது வருஷமா அவரும் உங்க ஊரும் அந்தக் கட்சிதானே?"

"சரி, என் ஓட்டையாவது மாத்திக் குடுங்க."

"அதுவும் முடியாதுங்க. ஊர்ல இப்படிச் சாவு விழுந்தா ஆறு மாசத்துக்கு ஊர்ல யாருக்குமே மனசு நிலையா இருக்காதாம். அதனால மெஷின் பழைய மனசைத்தான் எடுத்துக்கும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் அவர் செத்துட்டாரா?"

அதிகாரி வாசலைப் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டாள். செண்பகவல்லி திரும்பியபோது, அதே ஊர்வலத்தில் பிள்ளையையும் புருஷனையும் பறிகொடுத்தவர்கள் எட்டுப் பேர் வாசலில் காத்திருந்தார்கள்.

அன்று மாலை முதலமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றினார். தன்னை எதிர்த்து ஒரு வாக்குகூட விழாத ஊர் என்று அவர்கள் ஊரின் பெயரைச் சொல்லிக் கைகூப்பினார்.