உயர்த்திய கை

நூலகக் குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து இருதயமேரியை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்று கார்மேகம் சொன்னதும், அவரையும் இருதயமேரியையும் தவிர எல்லோருடைய கைகளும் எழுந்தன. சுகந்தியின் கையும் எழுந்தது. காலையில்தான் அவள் இருதயமேரியிடம், "நான் இருக்கேன் டீச்சர், பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தாள். இப்போது அவருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே கையைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். தலைமை ஏற்பவர் "இறக்கலாம்" என்று சொல்லும்வரை கையை இறக்கக் கூடாது என்பது அந்தக் குழுவின் வழக்கம். இருதயமேரி தலைவராக இருந்தபோது உடனே சொல்லிவிடுவார். இன்று தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்த கார்மேகம் சொல்லவில்லை. டீயை ஊதி ஊதிக் குடித்தபடி ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சுகந்தி மேடம் கை கொஞ்சம் மடங்கியிருக்கே, மனசில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தோள் மரத்துப்போயிருந்தது. இப்போது இறக்கினால் தன் கை மட்டும் தனியாகத் தெரியும், அடுத்த முறை தன் பெயரைச் சொல்லித்தான் கைகள் எழும் என்று நினைத்தாள். எதிர்வரிசையில் ஒருவர் தூக்கிய கையின் முழங்கையை மற்றொரு கையால் தாங்கிக்கொண்டார்.

அப்போது இருதயமேரி, பழக்கத்திலோ இரக்கத்திலோ, "போதும்ப்பா, கை வலிக்கும். இறக்கலாம்" என்றார்.

ஒருவரும் இறக்கவில்லை. எல்லோரும் கார்மேகத்தின் முகத்தையே பார்த்தார்கள். அவர் பார்வை மெல்ல நகர்ந்து சுகந்தியிடம் வந்து நின்றது. பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பாமல் அவள் முழங்கையை நிமிர்த்தினாள். கை காதை உரசிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே போயிற்று.